தரம் 6 முதல் 9 வரை: பாடத் தெரிவில் பெற்றோர் பார்க்க வேண்டியவை

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் அடுத்த கவலை ஓஎல் (தரம் 11 சாதாரண தரப் பரீட்சை) வருடத்தில்தான் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஆனால் எந்தப் பாடசாலை, எந்த மொழிமூலம், எந்த அழகியல் பாடம், ஓஎல்லுக்கு எந்தத் தொகுதிப் பாடங்கள் (மூன்று தொகுதிகளிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடங்கள்) என்பதெல்லாம் அந்த இடைப்பட்ட நான்கு வருடங்களில்தான் ஒவ்வொன்றாக முடிவாகிவிடுகின்றன. பல முறை அந்த முடிவு, பிள்ளை புத்தகப் பையில் கொண்டுவரும் ஒரு துண்டுப் படிவத்தில், அடுத்த நாள் காலைக்குள் எழுதப்படுகிறது.

தரம் 6 அனுமதி

புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி (எடுக்கவேண்டிய குறைந்தபட்சப் புள்ளி) என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. மாவட்டத்துக்கென வருவது உதவிப்பணத்துக்கு உரியது. தரம் 6 அனுமதிக்கு ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி வரும். மாவட்டப் புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு விரும்பிய பாடசாலை கிடைக்காமல் போவதும், தாண்டாத பிள்ளைக்கு நல்ல பாடசாலை ஒன்று கிடைப்பதும் இதனால்தான். விருப்பப் பாடசாலைகளை வரிசைப்படுத்தும்போது அவற்றின் முந்தைய வருட வெட்டுப்புள்ளிகளைப் பக்கத்தில் எழுதிவைத்துப் பாருங்கள். பெயருக்காக எட்டாத மூன்றை மேலே எழுதி, எட்டக்கூடியதை விட்டுவிடுவது வழக்கமான பிழை.

பாடசாலையின் வகையையும் கேளுங்கள். 1ஏபி என்றால் ஏஎல் (உயர்தர) விஞ்ஞானப் பிரிவும் அங்கே உண்டு. 1சி என்றால் ஏஎல் உண்டு, விஞ்ஞானப் பிரிவு இல்லை. வகை 2 தரம் 11 வரை மட்டும். வகை 2 பாடசாலை தாழ்ந்தது என்று பொருளல்ல. வீட்டுக்குக் கிட்ட, ஆசிரியர் நிறைவாக உள்ள ஒரு வகை 2 பாடசாலை, இரண்டு பஸ் மாறிப் போகும் நகரப் பாடசாலையை விட 11 வயதுப் பிள்ளைக்கு நல்லது என்பதே எங்கள் எண்ணம். ஏஎல்லுக்கு எப்படியும் மாறலாம்.

இடமாற்றம் கேட்பதாக இருந்தால் முதலில் யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. மாகாணப் பாடசாலைகளுக்கு அந்தந்த வலயக் கல்வி அலுவலகம். ஈச்சிலம்பற்றுப் பாடசாலைக்கு மூதூர் வலயம். தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருபவை, அவற்றின் வெற்றிடங்களை வலயத்தில் தீர்க்க முடியாது.

தரம் 6இல் இரண்டு தெரிவுகள்

முதலாவது அழகியல்: சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும். பாடசாலை எதை வைத்திருக்கிறதோ அதில் ஒன்று. இதை விளையாட்டாக எடுக்கவேண்டாம். ஓஎல்லில் இரண்டாம் தொகுதிக்குப் பெரும்பாலான பிள்ளைகள் இதே பாடத்தைத்தான் தொடர்கிறார்கள். தரம் 10இல் புதிதாகச் சங்கீதம் தொடங்கும் பிள்ளைக்கு நான்கு வருட சுருதி, தாளப் பயிற்சி இல்லாமல் போகும். சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றுக்கு ஓஎல்லில் எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. மேடைக் கூச்சம் அதிகமுள்ள பிள்ளைக்கு இதைச் சொல்லியே தெரிவு செய்யவையுங்கள்.

இரண்டாவது இருமொழிக் கல்வி. எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. இருக்கும் இடத்தில் கணிதம், விஞ்ஞானம், புவியியல் போன்ற சில பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும்; சமயம், தமிழ், வரலாறு தமிழில்தான். இதைப் பலர் ஆங்கிலம் பேசப் பழக்கும் வகுப்பு என்று எண்ணிச் சேர்க்கிறார்கள். அது அப்படியல்ல. பின்னத்தையும் ஒளிச்சேர்க்கையையும் ஆங்கிலத்தில் விளங்கி, ஆங்கிலத்திலேயே பரீட்சை எழுத வேண்டும். சேர்க்கும் முன் ஒரு சோதனை: தரம் 6 ஆங்கிலமொழி விஞ்ஞானப் பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் இலவசமாக இறக்கி, ஒரு பக்கத்தைப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுங்கள். வாசித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்ல முடிந்தால் சேர்க்கலாம். சொல்லுக்குச் சொல் தடுமாறினால், முதல் இரண்டு தவணைகளில் கணிதப் புள்ளி விழும், அதன் காரணம் கணிதமாக இராது. தமிழ்மூலத்துக்குத் திரும்புவதாக இருந்தால் தரம் 7 முடியுமுன் திரும்புவது நல்லது. அதற்குப் பிறகு கலைச்சொற்களையெல்லாம் மீண்டும் தமிழில் படிக்க வேண்டிவரும்.

வகுப்புப் பிரிப்பு

சில பாடசாலைகளில் புள்ளி அடிப்படையில் வகுப்புப் பிரிக்கிறார்கள், சில இடங்களில் கலந்து போடுகிறார்கள். பிள்ளை கீழ் வகுப்பில் விழுந்துவிட்டதென்று அதிபரிடம் சண்டைக்குப் போகுமுன், வகுப்பாசிரியரிடம் மூன்று தவணைத் தேர்ச்சி அறிக்கைகளையும் வைத்துப் பேசுங்கள். மொத்தப் புள்ளியைப் பார்க்காமல், கணிதமும் தமிழும் தவணைக்குத் தவணை ஏறுகின்றனவா என்று பாருங்கள். கணிதம் 35இற்குக் கீழே நின்றால், வகுப்பு மாற்றுவதால் ஒன்றும் நடக்காது. எந்த அலகில் பிள்ளை நின்றுவிட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் பின்னம், தசமம், திசைகொண்ட எண்கள் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். அட்சரகணிதம் பிறகு இவற்றின் மேல்தான் நிற்கிறது.

தரம் 9: தொகுதிப் பாடங்கள்

பெரிய முடிவு இதுதான். ஓஎல்லுக்கு மொத்தம் 9 பாடங்கள். சமயம், தமிழ்மொழியும் இலக்கியமும், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய 6 எல்லோருக்கும் பொது. மீதி 3ஐ மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரே தொகுதியில் இரண்டு எடுக்க முடியாது.

முதலாம் தொகுதியில் வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும், புவியியல், குடியியற் கல்வி, தொழில் முயற்சியாண்மை, இரண்டாம் மொழி சிங்களம், அரபு முதலியன. இரண்டாம் தொகுதியில் அழகியல் பாடங்களும் தமிழ், ஆங்கில, அரபு இலக்கிய நயங்களும். மூன்றாம் தொகுதியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், மனைப் பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், நீர் உயிரின வளத் தொழினுட்பம், வடிவமைப்புத் தொழினுட்பப் பாடங்கள் முதலியன.

பட்டியலைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். பட்டியலில் இருப்பது வேறு, உங்கள் பாடசாலையில் நடப்பது வேறு. படிவம் வருமுன், மூன்றாம் தவணைத் தொடக்கத்திலேயே, பகுதித் தலைவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- இந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது வேறு பாட ஆசிரியர் பார்த்துக்கொள்கிறாரா?
- இப்போது தரம் 11இல் எத்தனை பேர் படிக்கிறார்கள், கடந்த ஓஎல்லில் எத்தனை பேர் சி (50 புள்ளி) அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள்?
- நேரசூசியில் எந்தப் பாடங்கள் ஒரே நேரத்தில் வைக்கப்படுகின்றன?
- கணினிப் பாடமென்றால், ஆய்வுகூடத்தில் இயங்கும் கணினி எத்தனை?

இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக்கொண்டே பாதி முடிவு எடுக்கலாம்.

நீர் உயிரின வளப் பாடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலோர மாவட்டம் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இது இயல்பானது. மீன் வளர்ப்பு, அலங்கார மீன், மீன்பிடிக் கருவிகள், பதப்படுத்தல் எல்லாம் இதில் வரும். ஆனால் 'எங்களுக்குத் தெரிந்த கடல்தானே' என்று எடுத்தால் ஏமாறுவீர்கள், உயிரியலும் நீரின் தரமும் உள்ளே இருக்கின்றன. ஆசிரியர் இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள். சுகாதாரமும் குடியியலும் 'லேசு' என்ற பேச்சையும் நம்பவேண்டாம். பிள்ளை நீளமாக எழுதப் பழகாவிட்டால் அவற்றிலும் எஸ் (வெறும் சாதாரண சித்தி) தான் வரும். சிங்களத்தை மட்டும் பலர் கவனியாமல் விடுகிறார்கள். அரச சேவையில் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்கப்படுகிறது, திருகோணமலையில் பேசிப் பழகவும் ஆள் கிடைக்கும்.

ஏஎல் கனவோடு தொகுதிப் பாடங்களை இறுக்கிக் கட்டவேண்டாம். வணிகம் படித்தவருக்கு ஏஎல் கணக்கீட்டின் தொடக்கம் எளிது, அவ்வளவுதான். ஏஎல் கதவைப் பூட்டுவது பொதுப் பாடங்களே. வழமையான தகைமை, தமிழும் கணிதமும் உட்பட 6 சித்தி, அவற்றில் 3 பாடங்களில் சி. எஸ் 35 முதல், சி 50 முதல், பி 65 முதல், ஏ 75 முதல். பௌதிக விஞ்ஞானப் பிரிவுக்குக் கணிதத்திலும், உயிரியலுக்கு விஞ்ஞானத்திலும் சி வேண்டும். போட்டியுள்ள பாடசாலைகள் அதைவிட அதிகமாகக் கேட்கும். விதிவிலக்கு அழகியல்: மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தை நோக்கும் பிள்ளை, சங்கீதத்தையோ நடனத்தையோ ஓஎல்லில் விடக்கூடாது.

படிவத்தை நிரப்பிக் கொடுக்குமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். தரம் 10 தொடங்கிய பிறகு மாற்ற நினைத்தால், முதல் தவணைக்குள் அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள், காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். தவணை போகப்போக விடுபட்ட பாடக்குறிப்பும் கணிப்பீடும் கூடும். தரம் 11இல் ஓஎல் விண்ணப்பம் பாடசாலை வழியாகப் போகும்போது பாட இலக்கத்தையும் மொழிமூலத்தையும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், அனுமதி அட்டை வந்ததும் இன்னொரு தடவை. இருமொழி வகுப்புப் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம், பாடத்துக்குப் பாடம் மொழிமூலம் மாறும். பிழை இருந்தால் அன்றே அதிபரிடம் போங்கள்; திருத்தம் அவர் வழியாகத்தான் பரீட்சைத் திணைக்களத்துக்குப் போகும்.