இரத்த ஸ்மியர் தயாரித்துப் பார்க்கும் முறை

இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ கலந்த ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் அது மூன்று அடுக்குகளாகப் பிரியும். மேலே இளமஞ்சள் நிறப் பிளாஸ்மா ஏறத்தாழ 55 விழுக்காடு இருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீரே. அடியில் சிவப்பணுக்களும், நடுவில் வெள்ளையணுக்களும் இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளும் சேர்ந்த மெல்லிய வெண்படலமும் தங்கும். எது எவ்வளவு என்பதை இது காட்டும். கவுன்ட்டர் இயந்திரம் எண்ணிக்கையையும் சொல்லிவிடும். ஆனால் அணுக்களின் உருவத்தையும், இயந்திரம் சொன்ன எண் நம்பத்தக்கதா என்பதையும் அறிய வேண்டுமானால் கண்ணாடி ஸ்லைடில் ஸ்மியர், அதாவது மெல்லிய இரத்தப் பூச்சு, இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கையுறை அணிந்துகொண்டு, சுழற்றாத குழாய் ஒன்றை மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள், குலுக்கக் கூடாது. இரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போடுவது நல்லது. எண்ணெய்ப் பிசுக்கில்லாத ஸ்லைடின் ஒரு முனையிலிருந்து 1 செ.மீ. தள்ளி, 2 முதல் 3 மி.மீ. அகலமுள்ள ஒரு துளியை வையுங்கள். விளிம்பு வழவழப்பான மற்றொரு ஸ்லைடை 30 முதல் 45 பாகைச் சாய்வில் பிடித்து, துளியைத் தொடும்வரை பின்னுக்கு இழுத்து, இரத்தம் விளிம்பு நெடுகப் பரவியதும் தயங்காமல் ஒரே வீச்சில் முன்னே தள்ளுங்கள். நடுவில் கை நின்றால் குறுக்குக் கோடுகள் விழும். இரத்தசோகை உள்ளவரின் இரத்தம் நீர்த்திருக்கும் என்பதால் சாய்வைக் கூட்டவும், கெட்டியான இரத்தத்துக்குக் குறைக்கவும் வேண்டும். ஸ்லைடின் பாதிக்கு மேல் பரவி, போகப் போக மெலிந்து, வால் போன்ற நுனியில் முடிவதே நல்ல ஸ்மியர். உடனே காற்றில் உலர்த்துங்கள். மழைக்கால ஈரத்தில் மெதுவாக உலர்ந்தால் சிவப்பணுக்களின் நடுவே குத்தி எடுத்தாற்போன்ற வெண்துளைகள் தோன்றி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும்.

உலர்ந்த ஸ்மியர்மீது லீஷ்மன் சாயத்தை ஊற்றி 2 நிமிடம் விடுங்கள். சாயத்திலுள்ள மெத்தனால் அணுக்களை ஸ்லைடில் நிலைநிறுத்திவிடும். பிறகு சாயத்தைப்போல் இரு மடங்கு, 6.8 பிஎச் உள்ள பஃபர் நீரை (அமில, காரத்தன்மை எளிதில் மாறாத நீர்) சேர்த்துக் கலந்து, 7 முதல் 10 நிமிடம் கழித்துக் கழுவி, நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். கழுவக் குழாய்த் தண்ணீரையோ போர் தண்ணீரையோ பயன்படுத்தும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. காரத்தன்மை மிகுந்த நீர் சிவப்பணுக்களை நீலம் பாரிக்கச் செய்யும். இச்சாயத்தை 1901-இல் அறிமுகப்படுத்திய வில்லியம் லீஷ்மன் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். காலா அசார் என்னும் காய்ச்சல் நோயின் கிருமியை அவர் 1903-இல் விவரித்தார்; அதே ஆண்டு சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனவனும் அதைக் கண்டார். எனவே அக்கிருமி இருவர் பெயராலும் வழங்குகிறது.

நுண்ணோக்கியில் முதலில் 10எக்ஸ் லென்ஸில் ஸ்மியர் முழுவதையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். வாலுக்குச் சற்று முன்னே, சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் பகுதியைத் தேர்ந்து, எண்ணெய் விட்டு 100எக்ஸுக்கு மாறுங்கள். இயல்பான சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகலமும், நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெளிறலும் கொண்டது. அருகில் லிம்ஃபோசைட் என்னும் சிறிய வெள்ளையணு இருந்தால் அதன் உட்கருவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவிருக்கும். சிவப்பணு அதைவிடச் சிறுத்து, விளிம்பில் மட்டும் நிறம் தங்கி, இடையிடையே பென்சில் வடிவ அணுக்களும் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவையே முதலில் நினைக்க வேண்டும். பெரிய முட்டை வடிவச் சிவப்பணுக்களுடன் ஆறு மடல் உட்கரு கொண்ட நியூட்ரோஃபில் வகை வெள்ளையணுவும் தென்பட்டால் வைட்டமின் பி12 அல்லது ஃபோலேட் குறைபாட்டை நினையுங்கள்.

வெள்ளையணுக்களில் நூறை வகைபிரித்து எண்ணுவது வழக்கம். நியூட்ரோஃபில்கள் ஓரங்களிலும் வாலிலும் அதிகம் ஒதுங்குவதால், ஒரே கோட்டில் செல்லாமல் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து நகருங்கள். பெரியவர்களிடம் நியூட்ரோஃபில் 40 முதல் 75, லிம்ஃபோசைட் 20 முதல் 40 விழுக்காடு இருக்கும். மோனோசைட், ஆரஞ்சு நிறத் துகள்கள் நிறைந்த ஈசினோஃபில், அரிதான பேசோஃபில் ஆகியவை எஞ்சியவை.

பிளேட்லெட்டில்தான் ஸ்மியர் தன் மதிப்பைக் காட்டுகிறது. 2 முதல் 3 மைக்ரான் அளவுள்ள இந்த ஊதாத் துணுக்குகளை எண்ணெய் லென்ஸில் பத்து இடங்களில் எண்ணி, சராசரியை 15,000-ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டருக்கான உத்தேச எண்ணிக்கை கிடைக்கும், இயல்பளவு 1.5 முதல் 4.5 லட்சம். டெங்கு பரவும் நாட்களில் இயந்திரம் நாற்பதாயிரம் என்று காட்டினால் வீடே கலங்கிப்போகும். அந்த எண்ணை அனுப்புமுன் ஸ்மியரின் வாலைப் பார்த்தே தீர வேண்டும். சிலரது இரத்தத்தில் இடிடிஏ காரணமாகவே பிளேட்லெட்டுகள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். திட்டுகளை இயந்திரம் பிளேட்லெட்டாக எண்ணாது. அவ்வாறு கண்டால், திட்டுகள் இருப்பதை ரிப்போர்ட்டில் குறிப்பிட்டு, உறைவைத் தடுக்கும் மற்றொரு பொருளான சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் புதிதாக இரத்தம் எடுத்து எண்ணுங்கள். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம் கலப்பதால், கிடைக்கும் எண்ணை 1.1-ஆல் பெருக்கியே எழுத வேண்டும்.