பிரிவு எண் இல்லாத மேற்கோள் பாதி மேற்கோள்

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை மாணவி ஒருவர் தமிழ்நாடு–கேரள எல்லைச் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைப் படிக்கத் தந்தார். “1956 சட்டப்படி செங்கோட்டை சென்னை மாநிலத்தில் சேர்ந்தது” என்று ஒரு வரி. எந்தச் சட்டம்? அடிக்குறிப்பில் “மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம், 1956 (1956-இன் 37), பிரிவு 4” என்று முழுதாகக் கொடுங்கள்; ‘1956-இன் 37’ என்பது அந்த ஆண்டின் 37-ஆம் சட்டம் என்று பொருள். படிப்பவர் நேரே அந்த இடத்துக்குப் போய்விடுவார். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பிரிவு எண் மாறாது.

தீர்ப்புக்கு ஆண்டும் பத்தி எண்ணும் வேண்டும். முல்லைப் பெரியாறு பற்றி உச்ச நீதிமன்றம் 2006-இலும் தீர்ப்பளித்தது, 2014-இலும் அளித்தது. வெறுமனே ‘முல்லைப் பெரியாறு தீர்ப்பு’ என்றால் எதைத் தேடுவது?

நாடாளுமன்ற விவாதமென்றால் அவை, தேதி, பேசியவர் பெயர். மசோதாவின்மேல் உறுப்பினர் பேசியதைச் சட்டத்தின் வாசகமாகக் காட்டிவிடாதீர்கள்; நல்ல ஆய்வேடுகளிலும் இந்தத் தவற்றைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.