மூன்லைட் சொனாட்டா: முதல் ஐந்து பார்களை வாசிக்கப் பழகுவது எப்படி?

நிலவொளியை நினைவூட்டும் பியானோ இசை என்றதும் பலர் மனத்தில் எழுவது, பீத்தோவன் 1801இல் இயற்றிய சி ஷார்ப் மைனர் சொனாட்டாவே (சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட இசைப் படைப்பு). நிலவுப் பெயர் அவர் சூட்டியதன்று. 1827இல் அவர் மறைந்த பிறகே அது பரவியது. இதன் மூன்றாம் பகுதி தொடக்கநிலையினருக்கு எட்டாது. முதல் பகுதியின் தொடக்கம் பொறுமையுள்ள எவருக்கும் எட்டும்.

படி 1: வலது கையில் ஜி ஷார்ப், சி ஷார்ப், ஈ ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் கார்டாக, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டாக, அழுத்துங்கள் (ஷார்ப் என்றால் அரைச் சுரம் உயர்ந்தது). அடுத்தடுத்த கார்டுகளையும் இப்படியே பழகினால், மும்மூன்றாகப் பிரித்து வாசிக்கும்போது விரல்கள் இடம் தேடித் தடுமாறா. மூன்றாவது பாரின் (பார் என்பது இசைக்குறிப்பில் கோடுகளால் பிரிக்கப்பட்ட ஓர் அளவு) பிற்பாதியில் வருவது டி நேச்சுரல், அதாவது ஷார்ப் இல்லாத டி. பழக்கத்தில் டி ஷார்ப்பை அழுத்திவிட்டால், அந்த இடத்துக்கே உரிய இருள் போய்விடும். நான்காவது பாரில் பி ஷார்ப் என்று எழுதியிருப்பது வெள்ளைக் கட்டையான சி தான்.

படி 2: இடது கையில் முதல் பாருக்கு சி ஷார்ப், இரண்டாவதற்கு பி, இரண்டையும் ஆக்டேவாக, அதாவது அதே பெயருள்ள அடுத்த சுரத்தோடு சேர்த்து, பிடியுங்கள். மூன்றாவது பாரில் ஏ, எஃப் ஷார்ப் என இரண்டு வரும்; நான்காவதில் ஜி ஷார்ப்.

படி 3: பெடல்தான் இங்கே உண்மையான சோதனை. டாம்பர்களை (தந்தியின் ஒலியை அடக்கும் பஞ்சுக் கட்டைகளை) உயர்த்தியே வாசிக்கும்படி பீத்தோவன் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் காலத்துப் பியானோவில் ஒலி விரைவில் தேய்ந்துவிடும், இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் எல்லாம் குழம்பிவிடும். ஆகவே இடது கையின் புதிய பேஸ் (கீழ்) சுரத்தை அழுத்தியதும் காலைத் தூக்கி, விரல் கட்டையில் இருக்கும்போதே மறுபடி மிதியுங்கள். நான்காவது பாரில் ஒவ்வோர் அடிக்கும் கார்டு மாறுவதால், அங்கே காலும் அடிக்கடி மாற வேண்டும்.

படி 4: ஐந்தாவது பாரின் கடைசி அடியில் மெட்டு தொடங்குகிறது. கட்டைவிரல் தொடும் ஜி ஷார்ப்புக்கு ஓர் ஆக்டேவ் மேலுள்ள ஜி ஷார்ப்பைச் சுண்டுவிரல் ஏந்த வேண்டும். பலமான கட்டைவிரலை அடக்கி, பலவீனமான சுண்டுவிரலுக்குச் சற்று எடை கொடுங்கள். அதே அடியின் முடிவில் வரும் குறுகிய சுரம், மும்மூன்றாகப் பிரித்து வாசிப்பதன் கடைசிச் சுரத்தோடு ஒட்டாமல் அதற்குச் சற்றுப் பின்னரே விழ வேண்டும். இதற்காக மட்டும் மெட்ரோனோமை (தாள வேகம் காட்டும் கருவியை) மிக மெதுவாக வைத்து, பெடல் இல்லாமல் அந்த ஓர் அடியைத் தனியே வாசித்துப் பாருங்கள்.