காரில் இருக்கும் டம்மி சுவிட்சைப் படிப்பது எப்படி

ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் கீழே நாலு பட்டனுக்கு இடம் இருக்கும், ஒன்றுதான் வேலை செய்யும், மீதி மூன்றும் வெறும் பிளாஸ்டிக் மூடி, இதைத்தான் டம்மி சுவிட்ச் என்கிறோம். பேஸ் மாடலோ நடு வேரியண்டோ வாங்கியவர்களுக்கு தினமும் கண்ணில் உறுத்துகிற விஷயம் இது. ஆனால் அந்த மூடிகளைப் படிக்கத் தெரிந்தால், புதுக் காரில் எந்த வேரியண்ட் எடுப்பது, இருக்கும் காரில் எதைப் பிற்பாடு மாட்டிக்கொள்ளலாம் என்ற இரண்டுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் அது ஏன் அங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். டேஷ்போர்டு பேனலை அச்சில் உருக்கி வார்க்கிறார்கள், அந்த அச்சைச் செய்வதுதான் பெரிய செலவு, அதிலிருந்து வரும் ஒவ்வொரு பேனலுக்கும் ஆகும் செலவு அதோடு பார்த்தால் சொற்பம். ஐந்து வேரியண்டுக்கு ஐந்து அச்சு என்றால் ஐந்து பார்ட் நம்பர், ஐந்து ஸ்டாக், லைனில் ஆள் தப்பான பேனலை எடுத்து மாட்டிவிடும் ஆபத்து, அப்புறம் கார் நின்றுபோன பிறகும் வருஷக்கணக்கில் ஸ்பேர் வைத்திருக்கும் தொல்லை. அதனால் எல்லா வசதியும் உள்ள டாப் எண்ட் வேரியண்டுக்கு வேண்டிய எல்லா ஓட்டையும் வைத்து ஒரே பேனல், காலி இடத்துக்கு ஒரு மூடி. டாப் எண்டிலேயே ஒரு டம்மி தெரிந்தால், பெரும்பாலும் அது வேறு நாட்டுக்கான இடம். ஐரோப்பாவில் பின்பக்க ஃபாக் லேம்ப், அதாவது பனிமூட்ட விளக்கு, சட்டப்படி கட்டாயம், குளிர் நாடுகளில் சீட் ஹீட்டர் சகஜம்.

பேனல் சரி, அந்த வசதியையும் கொடுத்துவிட்டால் என்ன என்றால், அங்கே விலைக் கணக்கு வருகிறது. விளம்பரத்தில் போட ஒரு ஆரம்ப விலை வேண்டும், ஷோரூமுக்கு வந்தவரை இன்னும் ஐம்பதாயிரம் போட்டால் அடுத்தது என்று மேலே ஏற்ற ஒவ்வொரு படியிலும் ஏதாவது குறைந்திருக்க வேண்டும். இதில் ரேடியோ, பின் வைப்பர் குறைந்தால் எனக்கு வருத்தமில்லை. உயிர் காக்கும் பொருளையும் இதே படிக்கட்டில் வைப்பதுதான் தப்பு. டிரைவர் ஏர்பேக், பின் பார்க்கிங் சென்சார், சீட் பெல்ட் எச்சரிக்கை எல்லாம் 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் கட்டாயம் என்று சட்டம் வந்த பிறகுதான் பல கார்களில் பேஸ் மாடல் வரைக்கும் இறங்கின.

சரி, உங்கள் காருக்கு வருவோம். ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். அது பெரும்பாலும் எல்லா வேரியண்டுக்கும் சேர்த்து அச்சடித்த ஒரே புத்தகம், அதனால் உங்கள் மூடி இருக்கும் இடத்தில் டாப் எண்டில் என்ன பட்டன் இருக்கிறது என்பது படத்திலேயே இருக்கும். அப்புறம் ஃபியூஸ் பாக்ஸ். உங்கள் டம்மி முன்பக்க ஃபாக் லேம்புக்கானது என்று வைத்துக்கொள்வோம், ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கப் படத்தில் அதற்கு எந்த ஸ்லாட் என்று பார்த்து அந்தக் காலி ஸ்லாட்டுக்குள் டார்ச் அடியுங்கள். இரண்டு பக்கமும் உலோகப் பல் தெரிந்தால் வயர் வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் கரண்ட் வரும் பக்கம் இருக்கிறது, வெளியே போகிற வயர் இல்லை என்று அர்த்தம். வெறும் பிளாஸ்டிக் குழிதான் என்றால் உங்கள் ஹார்னஸில், அதாவது கார் முழுக்க ஓடும் வயர்க் கட்டில், அது கிடையவே கிடையாது.

கடைசியாக டேஷ்போர்டில் இருக்கும் டம்மி மூடியைக் கழற்றிப் பாருங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பேனலில் கோடு விழும், பிளாஸ்டிக் நெம்பி போதும். பின்னால் ஒரு கப்ளர் (வயர் முனையில் இருக்கும் பிளக்) டேப் சுற்றி ஹார்னஸோடு கட்டிக் கிடந்தால் கம்பெனியே வழி விட்டிருக்கிறது. பம்பருக்குப் பின்னாலும் அதே மாதிரி கப்ளர் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சில கார்களில் சுவிட்ச் பக்கம் இருக்கும், விளக்குப் பக்கம் இருக்காது. இரண்டும் இருந்தால் ஒரிஜினல் சுவிட்சு, விளக்கு, ரிலே (சின்ன சுவிட்சின் சிக்னலை வாங்கி, விளக்குக்குப் போகும் பெரிய கரண்டைத் தானே திறந்து மூடும் பாகம்), ஃபியூஸ் வாங்கி மாட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. சில புதுக் கார்களில் மட்டும் கம்ப்யூட்டரை மாட்டி அந்த வசதி இருக்கிறது என்று காருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

கப்ளர் இல்லையென்றால் தனி ஹார்னஸ் கிட் போடலாம், ஆனால் ரிலே இல்லாமல் போடாதீர்கள். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், டேஷ்போர்டில் இருக்கும் சின்ன சுவிட்சுக்குள் நேராக அது போனால் சுவிட்சு உருகிவிடலாம். ஹெட்லைட் வயரைச் சுரண்டி முறுக்கி டேப் ஒட்டுகிற எலக்ட்ரீஷியன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வாரண்டி தகராறும் தீ விபத்தும் அந்த மாதிரி இணைப்பில்தான் ஆரம்பிக்கின்றன.

தொடவே கூடாதது மஞ்சள் கப்ளர். அது ஏர்பேக் வயர். ஏர்பேக்கைப் பிற்பாடு சேர்ப்பது என்பது பையை மாட்டுகிற வேலை இல்லை, மோதலை உணரும் சென்சார்கள், எப்போது வெடிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் யூனிட், சீட்டின் அமைப்பு எல்லாம் அந்தக் காரை மோதிப் பார்த்துத் தீர்மானித்தவை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், கார் சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்பியும் இந்த வகைதான். அதனால் புதுக் கார் எடுக்கும்போது பிற்பாடு சேர்க்க முடியாதது எந்த வேரியண்டில் முழுசாக வருகிறதோ அதற்குப் பணத்தைப் போடுங்கள், ரிவர்ஸ் கேமரா, ஃபாக் லேம்ப், ஸ்பீக்கர், சென்ட்ரல் லாக் எல்லாம் வெளியே மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது மூடியே இல்லாமல், வசதியைக் காருக்குள் வைத்துவிட்டு சாஃப்ட்வேரில் பூட்டும் பழக்கமும் வந்திருக்கிறது. பிஎம்டபிள்யூ 2022-ல் சில நாடுகளில் சீட் ஹீட்டருக்கு மாதச் சந்தா கேட்டது, எதிர்ப்பு கிளம்பி 2023-ல் அதைக் கைவிட்டது. புதுசாகக் கார் பார்ப்பவர்கள், இந்தப் பட்டன் எத்தனை வருஷத்துக்கு இலவசம் என்று விற்பனையாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய காரில் எதையாவது மாட்டுவதாக இருந்தால் முடிந்தவரை சர்வீஸ் சென்டரிலேயே மாட்டி, பார்ட் நம்பரோடு பில் போடச் சொல்லி, என்ன வேலை செய்தார்கள் என்று எழுதும் ஜாப் கார்டின் ஒரு நகலைக் காரிலேயே வைத்திருங்கள்.