போர் கொண்டுபோனது எத்தனை பேரை? பழைய கணக்கெடுப்பிலிருந்து கணக்கிடும் முறை

1931, 1947 மலாயா மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சிங்கப்பூரையும் சேர்த்து இந்தியர் தொகை ஏறத்தாழ 6.22 லட்சத்திலிருந்து 6 லட்சத்துக்கு இறங்கியது. குறைந்த 22,000 பேரும் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையில் மாண்டவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு நான்கும் கலந்து வந்த மிச்சம் அது. பொருளாதார மந்தத்தில் ஊர் திரும்பியவர்களும், 1938-இல் இந்தியா தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியதால் வராமல் போனவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். அதே காலத்தில் சிங்கப்பூர் இந்தியர் மட்டும் 51,000-லிருந்து 69,000 ஆனார்கள்.

முதலில் எல்லையைச் சரிபாருங்கள். வேறொரு போரின் எடுத்துக்காட்டு: இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981-இல் 8.3 லட்சம் பேர், 2012-இல் 5.84 லட்சம். ஆனால் பழைய எண்ணில் கிளிநொச்சியும் அடக்கம். 1984-இல்தான் அது தனி மாவட்டமானது. அதைக் கழித்தால் 1981-இன் எண் 7.39 லட்சம். கழிக்க மறந்தால் 92,000 பேரை உள்நாட்டுப் போரின் கணக்கில் தவறாக ஏற்றிவிடுவீர்கள்.

அடுத்தது வயது வாரியான ஒப்பீடு. உழைப்பு முழுதும் இங்கேதான். மலாயாவுக்கே வருவோம்: 1931-இல் 20–24 வயதினர் 1947-இல் 36–40 ஆகியிருப்பார்கள். அட்டவணை ஐந்தைந்து வயதாக இருப்பதால், 35–39 பிரிவில் ஐந்தில் நான்கு பங்கையும், 40–44 பிரிவில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, 1931 எண்ணால் வகுங்கள்; மிஞ்சியவர்களின் விகிதம் கிடைக்கும். ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனியே செய்யுங்கள். வயது தெரியாதவர்கள் '40' என்று முழு எண்ணாகச் சொல்லியிருப்பார்கள், அதனால் அந்த ஒரு பங்கு நிஜத்தைவிடக் கூடுதலாகவும், 35–39 பிரிவின் நான்கு பங்கு குறைவாகவும் வரும். பத்து வயதுப் பிரிவுகளாகச் சேர்த்தும் ஒருமுறை போட்டுப் பார்த்தால் பிழை தணியும்.

ஆண்களின் விகிதம் மட்டும் சரிந்திருந்தால், சாவா, ஊர் திரும்பியதா? இரண்டுமே இளைஞர்களைத்தான் முதலில் குறைக்கும். அந்தந்த ஆண்டின் கப்பல் பயணிகள் வரவு–போக்கை எடுத்துக் கழியுங்கள். 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை இந்தியாவுக்குக் கப்பல் இல்லை. அந்த இடைவெளியின் குறைவை ஊர் திரும்பியவர் கணக்கில் போடக்கூடாது.

போரால் பிறக்காமல் போன குழந்தைகளைக் கணக்கிட, 1947-இல் 2 முதல் 5 வயதுக்குள் இருந்தோரைப் பாருங்கள். அந்த வயதுப் பிரிவு சிறுத்திருந்தால், இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து அவர்கள் பெற்றோராகும்போது பிறப்பு மறுபடி குறையும். அதைப் புதிய வீழ்ச்சி என்று நினைக்க வேண்டாம்.

இறுதியில் ஒரே எண்ணை எழுதாதீர்கள். இறப்பு விகிதத்தைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு முறை கணக்குப் போட்டு, கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் கொடுங்கள். பெயர்ப்பட்டியல்கூட இல்லாமல் மாண்டவர்களுக்கு அந்த அளவு நேர்மையாவது வேண்டும். மூல அறிக்கைகளை சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.