மலைச்சாலையில் ஜாக்கியை இறக்குவது எப்படி?

ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளையும் பொருத்தியவுடன் மனம் வீட்டை நோக்கி ஓடத் தொடங்கிவிடும். சமதளத்தில் இந்த அவசரம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். நீலகிரிச் சரிவில் தப்பாது. காரை உயர்த்தும்போது இருக்கும் கவனம் இறக்கும்போதும் இருக்க வேண்டும் என்பதை நான் பர்லியாருக்குச் சற்று மேலே கற்றுக்கொண்டேன்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். தூறல். பின் இடது டயர் பஞ்சர். மாற்றி முடித்ததும், ஜாக்கியை இறக்குவதற்கு முன்பே சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கற்களை எடுத்துவிட்டேன். ஜாக்கியைத் திருகத் தொடங்கியதும் கார் நான்கு விரற்கடை முன்னே நகர்ந்தது. ஜாக்கியின் தலை இருந்த இடத்தில் பெயின்ட் சுரண்டப்பட்டு, தகடு வெள்ளைக் கோடாகப் பளபளத்தது. ஜாக்கி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நின்றது. பின்னால் வந்த கேரட் லாரியின் ஓட்டுநர் இறங்கி ஓடி வந்து முன் சக்கரத்தடியில் கல்லைத் திணித்தார். "தம்பி, கல்லை எடுப்பது கடைசி வேலை. ஜாக்கி கைக்கு வந்த பிறகுதான் கல்லில் கை வைக்க வேண்டும்" என்றார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருந்தால், அந்தப் பிடியில் பாதி போய்விடுகிறது. முன் சக்கரத்தை உயர்த்தினால் வேறு சிக்கல்: முன் சக்கரங்களால் ஓடும் காரில், தூக்கிய சக்கரம் தானாகச் சுழல இடம் இருப்பதால் கியரின் பிடி வேலை செய்யாது. ஆக, எந்தப் பக்கம் தூக்கினாலும் சரிவில் காரை நம்பகமாக நிறுத்துவது கல்தான்.

இறக்குவதற்கு முன்

காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் முழுதாக இழுத்திருக்க வேண்டும். கார் மேடு நோக்கி நின்றால் முதல் கியர், பள்ளம் நோக்கி நின்றால் ரிவர்ஸ். தரையில் இருக்கும் சக்கரங்களின் பள்ளத்துப் பக்கம் கற்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உருண்டைக் கல் வேண்டாம். ஒரு பக்கமாவது தட்டையான கல்லைத் தேடுங்கள்.

நட்டின் கூம்பிய பக்கம் சக்கரத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கையால் போகும் வரை திருகிவிட்டு, பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக மாற்றி மாற்றி மிதமாக இறுக்குங்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஸ்பேனரில் ஏறி மிதிப்பது காரையே அசைத்துவிடும்.

பாதுகாப்புக்காகக் கழற்றிய டயரைக் காருக்கு அடியில் வைத்திருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைப் பிடித்து இழுங்கள். கையையோ தலையையோ அடியில் நுழைக்காதீர்கள்.

இறக்கும்போது

காருடன் வரும் திருகு ஜாக்கியைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். கைப்பிடியின் கொக்கி ஜாக்கியின் வளையத்தில் முழுதாக மாட்டியிருக்கட்டும். பாதியில் நழுவினால் விரல் முட்டிகள் சாலையில் அடிபடும். சக்கரத்துக்குப் பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள். அரைச் சுற்றுக்கு ஒருமுறை ஜாக்கி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். லேசாகச் சாய்ந்தால் கையாலோ காலாலோ நிமிர்த்தப் போகாதீர்கள். சக்கரம் மாட்டியாகிவிட்டதால் நிதானமாக இறக்குவதே பாதுகாப்பு.

டயரின் அடிப்பாகம் தரையைத் தொட்டு லேசாகப் பிதுங்கும் நொடியில் நிறுத்துங்கள். நட்டுகளை முழு பலத்தோடு இறுக்க இதுதான் இடம். சக்கரம் சுழலாது, காரும் ஆடாது. பிறகு மிச்சத்தை இறக்கி, ஜாக்கி தளர்ந்ததும் வெளியே இழுங்கள்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பாட்டில் ஜாக்கி என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அடியில் இருக்கும் வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாக எதிர்த்திசையில் திறந்தாலே கார் இறங்கத் தொடங்கும். அதிகம் திறந்தால் தடாலென்று விழும். வேகம் கூடுவது தெரிந்தால் உடனே மூடிவிடலாம்.

முழுதாக இறக்கியும் ஜாக்கி வெளியே வரவில்லையென்றால், பெரும்பாலும் ஸ்டெப்னியில் காற்று இல்லை என்று பொருள். ஜாக்கியை உதைக்காதீர்கள். சற்றே உயர்த்தி, காற்றடித்து, மறுபடி இறக்குங்கள். கால் பம்பு ஒன்றைக் காரில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இறுதியில் கற்கள்

ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை மிதித்திருக்க, மற்றவர் பக்கவாட்டில் நின்று கல்லை எடுக்கட்டும். கல் சக்கரத்தடியில் இறுகியிருந்தால் தட்டி எடுக்க வேண்டாம். காரை மேட்டுப் பக்கம் ஒரு சாண் நகர்த்தி மறுபடி பிரேக்கில் நிறுத்தினால் தானாக விடுபடும். எடுத்த கற்களைச் சாலையோரம் தள்ளிப் போடுங்கள். கொண்டை ஊசி வளைவில் கிடக்கும் ஒரு கல், இருட்டில் வரும் பைக்குக்குப் போதும்.

மலை இறங்கும்போது பிரேக் சூட்டில் சக்கரமும் சூடாகும். மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தி, சூடு ஆறியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை.