பதிவேட்டில் நான்கு, கையில் மூன்று: கதிரியக்க சோர்ஸ் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் கதிரியக்கம் என்று பேச்செடுத்தால் கல்பாக்கம், கூடங்குளம் என்றுதான் பதில் வரும். நம் பக்கத்துத் தொழிற்கூடங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்ற நினைப்பு. ஆனால் பாய்லர், பைப்லைன் வெல்டிங்கைப் படமெடுத்துப் பார்க்கும் 'கேமரா'வுக்குள் இருப்பது இரிடியம்-192. சிமெண்ட் ஆலையிலும் அனல் மின் நிலையத்திலும் தொட்டியில் சாம்பல் எதுவரை ஏறியிருக்கிறது என்று வெளியிலிருந்தே காட்டும் கேஜுக்குள் பெரும்பாலும் சீசியம்-137. எஃகு வார்க்கும் இடத்தில் அச்சின் மட்டம் பார்க்கக் கோபால்ட்-60 பயன்படுகிறது. கதிர் வெளிவிடும் இந்தப் பொருட்களைத்தான் 'சோர்ஸ்' என்கிறோம். இவை அத்தனைக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். 1983 நவம்பரில் அமைந்த வாரியம் அது. தலைமையகம் மும்பை, தென்மண்டல மையம் சென்னை.

நான் இந்த வேலையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், தளத்தில் 'ஆர்.எஸ்.ஓ.' என்பார்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

முதல் தவறு, லைசென்ஸ் வந்ததும் கண்காணிப்பு முடிந்தது என்று நினைப்பது. வாரியத்து ஆய்வாளர்கள் சொல்லாமலும் வருவார்கள், உண்மைதான். ஆனால் நடுராத்திரி பைப் ரேக்கில் 'ஷூட்' (சோர்ஸால் வெல்டிங்கைப் படமெடுப்பது) நடக்கும்போது அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. 2004-ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் பொறுப்பை முதலாளியின் தலையில்தான் வைக்கின்றன. ஆர்.எஸ்.ஓ. வேலையை விட்டுப் போனால் அடுத்தவரை நியமித்து ஒப்புதல் வாங்கும்வரை வேலையை நிறுத்த வேண்டும். "அவர் பேரே இருக்கட்டும்ங்க, யாரு வந்து கேக்கப் போறாங்க" என்று ஒரு மேலாளர் என்னிடமே சொன்னார். அந்தப் பேருக்குரியவர் அப்போது வேறு ஊரில் வேறு கம்பெனியில் இருந்தார்.

அடுத்தது பேட்ஜ். டி.எல்.டி. பேட்ஜ் கதிரைத் தடுக்காது. அதற்குள் இருக்கும் மூன்று சிறு வில்லைகள், உடம்பு வாங்கியதைப் பதிந்து வைக்கும், அவ்வளவுதான். அதைச் சட்டைப்பையில் சில்லறையோடு போடுகிறவர்களும், தொலைந்துவிடும் என்று பயந்து லாக்கரில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. இன்னும் சில இடங்களில், அளவு கூடினால் வேலை போய்விடும் என்று ஆட்களே கழற்றி வைத்துவிடுகிறார்கள். இந்தப் பயத்தை உண்டாக்குவது மேலே இருப்பவர்கள்தான். தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அளவு இதில்தான் சொல்லப்படும்), எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்ற வரம்பு அவரைக் காப்பாற்ற வைத்தது. பூஜ்யம் என்று வரும் ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியடைவதற்கு முன், பேட்ஜ் அந்த மாதங்களில் எங்கே தொங்கியது என்று ஒரு தடவை கேளுங்கள்.

மிக ஆபத்தானது இனி வருவது. ஷூட்டுக்காகக் குழாய் வழியே வெளியே தள்ளிய சோர்ஸை, முடிந்ததும் கைப்பிடியைச் சுற்றி, கேபிளால் கேமராவுக்குள் இழுப்பார்கள். அது உள்ளே போனதா என்று காட்டுவது கதிரளக்கும் மீட்டர்தான். சுற்று எண்ணிக்கை சரி, கைப்பிடி நின்றுவிட்டது, 'உள்ளே போயிருச்சு' என்று நடக்கத் தொடங்குவார்கள். ஒரு ராத்திரி பையன் ஒருவன் அப்படித்தான் கிளம்பினான். "தம்பி, மீட்டர் எங்கே?" "பேட்டரி போயிருச்சுங்கண்ணா. ஆனா ஃபுல்லா சுத்திட்டேன்." அவனை அங்கேயே நிறுத்தி, வண்டியிலிருந்த வேறு மீட்டரோடு நான் போனேன். பத்தடி போவதற்குள் முள் எகிறியது. கேபிளில் மாட்டியிருந்த மண், சோர்ஸைக் குழாயின் பாதியிலேயே நிறுத்தியிருந்தது. பின்வாங்கி, ஆட்களை விலக்கி, தூரத்திலிருந்தே கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி உள்ளே கொண்டுவந்தோம்.

30 கியூரி (சோர்ஸின் வீரியத்தைச் சொல்லும் அளவு) இரிடியம் திறந்திருக்க, ஒரு மீட்டர் தூரத்தில் ஒருவர் நின்றால் ஓராண்டுக்கான 20 மில்லிசீவர்ட்டும் சுமார் எட்டு நிமிடத்தில் ஏறிவிடும். தூரம் பாதியானால் அளவு நான்கு மடங்கு. அந்த உலோகத் துணுக்கு நம் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. கையில் எடுத்தால் சூடு தெரியாது, வலிக்காது. தோல் வெந்து புண்ணாவது நாட்கள் கழித்துத்தான். அதனால் ஒவ்வொரு ஷூட்டுக்குப் பிறகும், நூறாவது தடவையானாலும், மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நெருங்க வேண்டும்: கேமராவைச் சுற்றி, பிறகு குழாய் நெடுக, முனைவரை. காலையில் வேலை தொடங்கும்போதே பேட்டரியையும் அளவுத்திருத்தத் தேதியையும் பார்த்துவிடுவது நல்லது.

ஆட்கள் நெருங்காமலிருக்கச் சுற்றிலும் கயிறு கட்டுவதிலும் கண்ணளவு கூடாது. அதே சோர்ஸ் மறைப்பில்லாமல் இருந்தால் 10 மீட்டரில்கூட ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.4 மில்லிசீவர்ட் விழும். பொதுமக்களுக்கான வரம்பு ஓர் ஆண்டு முழுவதற்குமே 1 தான். டீ வாங்கிவரும் பையனும் வாட்ச்மேனும் அந்தப் பொதுமக்கள்தான்.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைகளைப் பற்றி இரண்டு வரி போதும். மிஷினை அணைத்தால் கதிர் நின்றுவிடும் என்பதால் ஆபத்து வேறு வகை. ஈய ஏப்ரனை மடித்து மூலையில் போடாதீர்கள், மடிப்பில் உள்ளே விரிசல் விடும். பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் இருக்கட்டும்.

என்னைத் தூங்கவிடாத தவறு, பயன்பாடு முடிந்த சோர்ஸை மறப்பது. இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகும். கோபால்ட்டுக்கு ஐந்தேகால் ஆண்டு, சீசியத்துக்கு 30 ஆண்டு. 1995-ல் மாட்டிய சீசியம் கேஜில் இன்றும் பாதிக்குக் கிட்டத்தட்ட மிச்சமிருக்கும். ஆலைக்கு அவ்வளவு ஆயுள் இருப்பதில்லை. மூடுகிறார்கள், கைமாறுகிறது, பாங்க் ஏலம் விடுகிறது. மிஷின் என்ற பட்டியலில் கேஜும் எடைக்குப் போகிறது.

டெல்லியில் நடந்தது அதுதான். டெல்லி பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1985-லிருந்து தொடப்படாமல் கிடந்த கோபால்ட்-60 கருவியை 2010-ல் பழைய சாமானோடு ஏலம் விட்டார்கள். மாயாபுரி இரும்புக் கடைகளில் அதைப் பிரித்தபோது பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். உருக்காலைக்குப் போனாலும் தப்பாது. 2008-ல் பிரான்சில் லிப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 கண்டுபிடித்தார்கள்; அந்த உதிரிபாகம் இந்தியாவிலிருந்து போனது. எஃகை நம்பிப் பிழைக்கும் சேலத்துக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறில்லை. ஸ்கிராப் வாங்கும் ஃபவுண்டரிகள் வாசலில் கதிரளக்கும் கருவி வைப்பதைச் செலவாகப் பார்க்கக் கூடாது.

பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேங்காய் அளவுப் பொருள் ஒன்று அம்மிக்கல்லைப் போலக் கனத்தால் உள்ளே ஈயமோ யுரேனியமோ கவசமாக இருக்கலாம். ஈயத்துக்கு நல்ல விலை என்று உளியை எடுக்காதீர்கள். மஞ்சளில் மூவிதழ் குறி, அல்லது சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடும் மனிதனும் இருந்தால் அப்படியே விட்டு ஆட்களை விலக்கிவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். பயன்படுத்துகிறவர் பொறுப்பிலுள்ள சோர்ஸ் தொலைந்தாலும் விபத்து நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 'நாமே தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் அது யார் பக்கத்தில் கிடக்கிறது என்று தெரியாத மணி நேரம்.

சேலத்துக்கு வெளியே மூடிய ஆலை ஒன்றில் கணக்கெடுக்கக் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் நான்கு கேஜ், தொட்டிகளில் மூன்று. நான்காவது எப்போதோ பழுதுக்குக் கழற்றியது. கழற்றியவர் ஓய்வு பெற்றுவிட்டார். மீட்டரோடு ஸ்டோர் முழுக்க நடந்தோம். பழைய மோட்டார்களுக்குப் பின்னால், சாக்கு சுற்றி, தகடு துருப்பிடித்துக் கிடந்தது. நல்லவேளை, கதிர் வெளியே வரும் வழியை மூடும் ஷட்டர் பூட்டியே இருந்தது. இரண்டு நாள் முன்புவரை அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்துதான் காவலாளி சாப்பிட்டிருக்கிறார். துருவைத் துணியால் துடைத்து வரிசை எண்ணைப் படித்தோம். அவர் டார்ச் பிடித்தார், நான் எழுதிக்கொண்டேன். சப்ளை செய்தவருக்கே திருப்பி அனுப்ப வாரியத்தின் அனுமதி கிடைக்கும்வரை அந்த அறையின் சாவி ஒரே ஆளிடம் இருந்தது. தினமும் காலையில் அவர் எண்ணி, நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.